பானெட்டைத் திறந்தால் ஒரு தொழில்

கல்வராயன்மலையின் வெள்ளிமலையில் பத்தாவதோ பன்னிரண்டாவதோ முடித்துவிட்டு அடுத்து என்ன என்று யோசிக்கிற பிள்ளைகளிடம் வண்டித் தொழிலைப் பற்றிக் கேட்டால் இரண்டு பதில்தான் சட்டென்று வரும். ஒன்று டிரைவர், இன்னொன்று மெக்கானிக். பெயின்டர் என்ற மூன்றாவது பதிலை இங்கே முன்வைக்கிறேன். அந்தத் தொழிலுக்குள் நுழைய, வீட்டுக் கொட்டகையிலேயே பழகக்கூடிய ஒரு வேலையையும் சொல்கிறேன்: எஞ்சின் ரூமைச் சுத்தம் செய்து, துரு நீக்கி, மறுபடி பெயின்ட் அடிப்பது.

ஏன் எஞ்சின் ரூம்? வெளி பாடியில் கைப்பிடி அளவு இடத்தில் நிறம் மாறினாலும் வண்டிக்காரர் கண்ணில் குத்தும். அதைச் சரியாக அடிக்கத் தூசி புகாத அறையும் பல வருடக் கையும் வேண்டும். பானெட்டுக்கு உள்ளே இடம் சிறியது, பெயின்ட் குறைவாகத்தான் செலவாகும், சின்னச் சொரசொரப்பு யார் கண்ணுக்கும் படாது. ஆனால் எண்ணெய், சூடு, ஆசிட், ஈரம் எல்லாம் ஒரே இடத்தில் கூடுவதால், அடித்தள வேலையில் நீங்கள் விட்ட குறையை அந்த இடம் ஒரே மழைக்காலத்தில் காட்டிக் கொடுத்துவிடும். பழகுகிறவருக்கு இதைவிடக் கண்டிப்பான வாத்தியார் கிடையாது.

மலையில் இதற்கு வேலையும் இருக்கிறது. மரவள்ளிக்கிழங்கு ஏற்றிக்கொண்டு ஆத்தூர், சின்னசேலம் பக்கத்து ஜவ்வரிசி ஆலைகளுக்கு இறங்குகிற பிக்கப்புகளைப் பாருங்கள். ஏற்றத்தில் முதல் கியரும் இரண்டாவது கியருமாகவே வருவதால் எஞ்சின் கொதிக்கிறது. மழை நாளில் செம்மண் சேறு அடியிலிருந்து தெறித்து ஏப்ரன் மூலைகளில் அப்பிக்கொள்கிறது. சக்கரத்துக்கு மேலே, பானெட்டுக்குள் இரண்டு பக்கமும் இருக்கிற தகட்டைத்தான் பட்டறையில் ஏப்ரன் என்பார்கள். அப்பிய சேறு ஈரத்தை வாரக்கணக்கில் பிடித்து வைக்கும். துரு அங்கேதான் தொடங்கும். வாடகை வண்டிக்கும் சரக்கு வண்டிக்கும் எட்டு வயது வரை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, அதற்குப் பிறகு வருடா வருடம் எஃப்.சி. (தகுதிச் சான்று) காட்டியாக வேண்டும். சொந்தக் காருக்குப் பதினைந்து வருடம் முடிந்தால் ஆர்.சி. புதுப்பிக்க வேண்டும். இந்தத் தேதிகளை ஒட்டித்தான் பெயின்ட் வேலை வரும். ஊரில் எந்த வண்டிக்கு எந்த மாதம் எஃப்.சி. என்று ஒரு நோட்டில் குறித்து வைத்துக்கொள்கிற பையனுக்கு வேலை தேடி அலைய வேண்டியிருக்காது.

கழுவுவதுதான் வேலை

ஈயம் பூசுகிறவர் முதலில் பாத்திரத்தைப் பளபளக்கத் தேய்த்துவிட்டுத்தான் ஈயத்தைத் தொடுவார். பெயின்ட்டும் அப்படித்தான். ஒரு எஞ்சின் ரூம் வேலை மூன்று நாள் என்றால், ஸ்பிரே கன் கையில் இருப்பது மூன்றாம் நாள் சில மணி நேரம் மட்டுமே.

முதலில் போனை எடுங்கள். ஒவ்வொரு ஒயர், ஒவ்வொரு ஹோஸ், ஒவ்வொரு கிளிப்பையும் கழற்றுவதற்கு முன் படம் பிடியுங்கள். பேட்டரியைக் கழற்றும்போது மைனஸ் முதலில், பிளஸ் பிறகு. மாட்டும்போது பிளஸ் முதலில், மைனஸ் கடைசி. பேட்டரி, அதன் தட்டு, ஏர் ஃபில்டர் டப்பா, கண்ணாடி கழுவும் தண்ணீர்த் தொட்டி, ஹாரன் ஆகியவற்றை எளிதாகக் கழற்றலாம். ஏசி பைப்பை மட்டும் தொடாதீர்கள். அதில் வாயு அழுத்தத்தில் இருக்கிறது, அதைத் திறப்பது வேறு ஆளின் வேலை. பிரேக் பைப்பையும் அவிழ்க்க வேண்டாம், மூடி மறைத்தால் போதும்.

கழுவும்போது எஞ்சின் ஆறியிருக்க வேண்டும். ஆல்டர்னேட்டர், ஃபியூஸ் பாக்ஸ், கம்ப்யூட்டர் சாக்கெட்டுகள், காற்று போகும் வாய் எல்லாவற்றையும் பாலித்தீன் உறை போட்டு டேப்பால் இறுக்குங்கள். டீசலோ மண்ணெண்ணெயோ தெளித்துக் கழுவும் பழக்கம் எல்லா ஊரிலும் உண்டு. அது கிரீஸைக் கரைக்கும், ஆனால் தானே ஒரு எண்ணெய்ப் படலத்தை விட்டுவிட்டுப் போகும். அதன் மேல் பெயின்ட் நிற்காது. எனவே அதோடு நிறுத்தாமல் சோப்புத் தண்ணீரால் இரண்டு தடவை கழுவி, காயவைத்து, பெயின்ட் கடையில் கிடைக்கும் கிரீஸ் ரிமூவரைச் சுத்தமான துணியில் தொட்டுத் துடையுங்கள். துடைத்த துணியால் திரும்பத் துடைக்கக் கூடாது, அது எடுத்த கிரீஸைத் திரும்பப் பூசுகிற வேலை.

சுத்தமானதா என்று அறிய ஒரு குவளைத் தண்ணீர் போதும். தகட்டில் ஊற்றினால் தண்ணீர் ஒரே விரிப்பாக வழிய வேண்டும். முத்து முத்தாகத் திரண்டால் எண்ணெய் இன்னும் இருக்கிறது என்று பொருள். திரும்பக் கழுவுங்கள்.

பேட்டரி தட்டுக்குத் தனிக் கவனம் தேவை. அங்கே ஆசிட் சிந்தியிருக்கும். சமையல் சோடாவைத் தண்ணீரில் கரைத்து ஊற்றினால் நுரை பொங்கும். பொங்குவது நிற்கும்வரை ஊற்றிப் பிறகு அலசுங்கள். கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் இதைச் செய்ய வேண்டாம்.

கம்பெனிப் பூச்சைச் சுரண்டாதீர்கள்

புதிதாகக் கற்கிறவர்கள் ஆர்வக்கோளாறில் செய்வது, தகட்டை வெள்ளையாக மின்னும்வரை உரித்துவிடுவது. இருங்காட்டுக்கோட்டையிலோ ஓரகடத்திலோ கார் ஆலைகளில் பாடியை முழுசாக ஒரு பெயின்ட் தொட்டிக்குள் முக்கி, மின்சாரம் பாய்ச்சிப் பூச்சு ஏற்றி, 160, 170 டிகிரிச் சூட்டு அறையில் வேகவைக்கிறார்கள். மடிப்பு, பொந்து, வெல்டிங் ஓரம் என்று கன் எட்டாத இடங்களுக்கெல்லாம் அந்தப் பூச்சு போகும். வீட்டுக் கொட்டகையில் எவ்வளவு விலை கொடுத்து பிரைமர் வாங்கினாலும் அதற்கு ஈடாகாது. கெட்டியாக ஒட்டிக்கொண்டிருக்கிற பழைய பூச்சை 320 அல்லது 400 நம்பர் வாட்டர் பேப்பரால் மினுமினுப்பு போகும் அளவுக்கு மட்டும் தேய்த்துவிட்டு, அதையே அஸ்திவாரமாக வைத்துக்கொள்ளுங்கள். பேப்பர் நுழையாத மூலைக்கு ஸ்காட்ச் பிரைட் நார் சரிவரும்.

துரு உள்ள இடம் மட்டும் இரும்பு வரை போக வேண்டும். ஒயர் பிரஷ், பிறகு 80 நம்பர், பிறகு 180. ஓரங்களைப் படி தெரியாமல் சாய்வாகத் தேய்த்து இறக்குங்கள். மேலே பூத்த செந்துரு என்றால் பாஸ்பாரிக் ஆசிட் கலந்த துரு நீக்கி போட்டு, டின்னில் சொல்லியபடி கழுவி அல்லது துடைத்து, அன்றைக்கே எபாக்ஸி பிரைமர் அடித்துவிடுங்கள். வெறும் இரும்பை மலைப் பனியில் ஒரு இரவு விட்டால் காலையில் மறுபடி துரு பூத்திருக்கும்.

ஸ்க்ரூ டிரைவர் கைப்பிடியால் தட்டிப் பாருங்கள். கணீர் என்று கேட்காமல் பொத்தென்று கேட்டால், அல்லது முனை உள்ளே இறங்கினால், அந்த வேலை டிங்கருடையது. அங்கே பட்டி பார்த்து மூடுவது மன்னிக்க முடியாத காரியம். அதிலும் சஸ்பென்ஷன் மேல்முனை உட்காரும் இடமும் சேசிஸ் நீட்டமும் ஓட்டையாக இருந்தால், நீங்கள் மறைக்கிற ஓட்டையை நம்பி ஒரு குடும்பம் கொண்டை ஊசி வளைவில் இறங்கும். "அண்ணே, இதுக்கு முதல்ல தகடு வச்சு வெல்டிங் பார்க்கணும், அப்புறம்தான் பெயின்ட்" என்று சொல்லி வண்டியைத் திருப்பி அனுப்பத் தெரிந்தவர்தான் பெயின்டர்.

அடிக்கும் நாள்

கல்வராயன்மலையில் காலைப் பனி விலகிக் காயும்வரை பொறுங்கள். காற்றில் ஈரம் மிகுந்தால் என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) பெயின்ட் வெள்ளை பூக்கும், பி.யு. (பாலியூரித்தேன்) பெயின்ட்டின் ஹார்டனர் ஈரத்தோடு வினை செய்து பளபளப்பை இழக்கும். காலை பத்திலிருந்து மாலை மூன்றுக்குள் முடிப்பது நல்லது. ஐப்பசி, கார்த்திகையில் இந்த வேலையை ஒப்புக்கொள்ளாதீர்கள். மாசி, பங்குனி தோது. அப்போது தூசி பறக்கும் என்பதால் கொட்டகைத் தரையில் தண்ணீர் தெளித்துக்கொள்ளுங்கள்.

என்ன பெயின்ட் என்பதில் குழப்பம் வேண்டாம். ஏப்ரன், முன்பக்கக் குறுக்குத் தகடு, எஞ்சினுக்கும் கேபினுக்கும் நடுவில் நிற்கிற தகடு எல்லாவற்றுக்கும் சாதாரண கார் பெயின்ட்டே தாங்கும். சைலன்சர் தொடங்கும் மேனிஃபோல்டு மட்டும் பல நூறு டிகிரி சூடேறும். அங்கே அதற்கென்றே உள்ள ஹீட் பெயின்ட் தவிர எதுவும் நிற்காது. முதல் வண்டிகளில் அதைத் தொடாமல் விடுவதே மேல். பிரேக் ஆயில் டப்பாவுக்குக் கீழே பழைய பெயின்ட் உரிந்து தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். பிரேக் ஆயில் பெயின்ட்டைக் கரைக்கும். ஹார்டனர் கலந்த பி.யு. பெயின்ட் என்.சி.யைவிடத் தாக்குப்பிடிக்கும் என்றாலும், சிந்தியவுடன் தண்ணீர் விட்டுக் கழுவச் சொல்லி வண்டிக்காரரிடம் சொல்லி அனுப்புங்கள்.

நிறத்தில் என் கட்சி ஒன்றுதான்: வெளிர் நிறம். பலர் கறுப்பு கேட்பார்கள், அழுக்கு தெரியாது என்று. அழுக்கோடு ஆயில் கசிவும் கூலண்ட் கசிவும் தெரியாமல் போகும். வெளிர் சாம்பலோ வண்டியின் சொந்த நிறமோ இருந்தால் கசிவு தொடங்கிய அன்றே கண்ணில் படும். மலை ஏறும் வண்டிக்கு அது எஞ்சினைக் காப்பாற்றும் விஷயம். வண்டியின் நிற எண் கதவுத் தூணிலோ பானெட்டுக்குள்ளோ ஒட்டியிருக்கும் தகட்டில் இருக்கும். அதைப் படம் பிடித்துப் போனால் சேலம் போன்ற ஊர்களில் கலந்து தருவார்கள். சின்னக் காருக்கு பிரைமர் அரை லிட்டர், நிறம் அரை லிட்டர் என்று கணக்கு வைத்துத் தொடங்குங்கள்.

சின்ன டச்-அப் கன் போதும். தகட்டிலிருந்து ஒரு சாண் தூரம், ஒரு கோட்டின் மேல் பாதி அடுத்த கோடு படும்படி. மெல்லிய கோட்டிங் இரண்டு அல்லது மூன்று, நடுவில் பத்துப் பதினைந்து நிமிட இடைவெளி. பாடியில் எர்த் ஒயர் உட்காரும் போல்ட் இடங்களை டேப் ஒட்டி விட்டுவிடுங்கள். அங்கே பெயின்ட் ஏறினால் மறுநாள் செல்ஃப் எடுக்காது, குற்றம் உங்கள் தலையில் விழும். முழு நாள் காயவைத்துவிட்டு மாட்டத் தொடங்குங்கள். ஒரு வாரம் தண்ணீர் பீய்ச்சிக் கழுவ வேண்டாம்.

மூச்சும் தின்னரும்

இந்தப் பகுதியை அவசரமில்லாமல் படியுங்கள். பி.யு. பெயின்ட்டின் ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கிறது. போபாலில் 1984 டிசம்பரில் கசிந்த மெத்தில் ஐசோசயனேட் இதே வேதிக் குடும்பம். ஹார்டனரில் உள்ளது அதுவல்ல, அவ்வளவு எளிதில் ஆவியாகவும் செய்யாது. ஆனால் கன்னிலிருந்து நுண்துளியாகக் கிளம்பி நேராக நுரையீரலுக்குள் போகும். நாளடைவில் உடம்பு அதற்கு ஒவ்வாமை கொண்டுவிட்டால், பிறகு கொஞ்சம் பட்டாலும் ஆஸ்துமா இழுக்கும். அப்படி ஆனவர் தொழிலையே விட வேண்டியிருக்கும். வாசனையை வைத்து இதன் அளவை அறிய முடியாது. முகத்தில் கட்டும் கைக்குட்டை பயன்படாது. கொரோனா காலத்து மாஸ்க்கும் ஆவியைத் தடுக்காது. ஆர்கானிக் வேப்பர் கார்ட்ரிட்ஜும் அதன் முன்னால் தூசி வடிகட்டியும் உள்ள ரப்பர் மாஸ்க் குறைந்தபட்சத் தேவை. தாடி இருந்தால் அது முகத்தில் பொருந்தாது. பெரிய பட்டறைகளில் வெளிக்காற்றைக் குழாய் வழியே தரும் முகமூடி வைத்திருக்கிறார்கள். மாஸ்க் வாங்கப் பணம் சேரும்வரை பி.யு. பக்கம் போகாதீர்கள். ஹார்டனர் இல்லாத பெயின்ட்டில் கை பழகுங்கள், அதற்கும் காற்றோட்டம் வேண்டும். குழந்தைகளும் கர்ப்பிணிகளும் இருக்கும் வீட்டை ஒட்டி எந்த ஸ்பிரேயும் கூடாது.

தின்னர் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு தவழ்ந்து போகும். பத்தடி தள்ளி எரிகிற விறகு அடுப்பு அதைப் பற்றவைத்துவிடும். அடிக்கிற நேரத்தில் சமையல் நடக்கக் கூடாது. எரியும் தின்னரில் தண்ணீர் ஊற்றினால் தீ பரவும். ஏ.பி.சி. பவுடர் தீயணைப்பான் ஒன்று கொட்டகை வாசலில் தொங்கட்டும்.

இன்னொன்றை நம் மாவட்டத்தில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் 60-க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. மெத்தனால் ஒரு தொழிற்சாலைக் கரைப்பான். சில தின்னர்களிலும் அது சேர்ந்திருக்கும். எனவே தின்னரை அதன் சொந்த டின்னை விட்டு வேறு எதிலும், முக்கியமாகத் தண்ணீர் பாட்டிலிலோ குவார்ட்டர் பாட்டிலிலோ, ஊற்றி வைக்காதீர்கள். பூட்டி வையுங்கள். எவ்வளவு வாங்கினீர்கள், எவ்வளவு செலவானது என்று எழுதி வையுங்கள். கடன் கேட்டு யார் வந்தாலும் ஒரு சொட்டுக் கொடுக்காதீர்கள். கழிவுத் தின்னரையும் பழைய ஆயிலையும் ஓடையில் விடாதீர்கள். இந்த மலைத் தண்ணீர்தான் கோமுகி அணைக்கு இறங்குகிறது.

சட்டத்தில் ஒன்றிரண்டு

சேசிஸ் நம்பர், எஞ்சின் நம்பர் பொறித்த இடங்களில் பெயின்ட் ஏறவே கூடாது. எஃப்.சி.யில் அதைப் பென்சிலால் தேய்த்து அச்செடுப்பார்கள். எழுத்து மங்கினால் வண்டிக்காரர் மாட்டுவார், உங்கள் மேலும் சந்தேகம் வரும். டேப் ஒட்டி அடிக்கவும், முன்னும் பின்னும் படம் எடுத்து வைக்கவும். உள்பக்கத்துக்குப் பெயின்ட் அடிப்பது வேறு, வண்டியின் வெளி நிறத்தையே மாற்றுவது வேறு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவுப்படி ஆர்.சி.யில் உள்ள விவரம் மாறும்படியான மாற்றத்துக்கு அனுமதி வேண்டும். "தம்பி, அப்படியே வெளியிலயும் கலர் மாத்திடு" என்று கேட்பவரிடம் முதலில் ஆர்.டி.ஓ. தாளைக் கேளுங்கள்.

எங்கே கற்பது, எப்படி வளர்வது

ஐ.டி.ஐ.க்களில் ஆட்டோ பாடி பெயின்டிங் என்றே ஒரு வருடப் பிரிவு உண்டு. எல்லா ஐ.டி.ஐ.யிலும் நடப்பதில்லை, சேர்க்கை நேரத்தில் விசாரியுங்கள். மலையின் சேலம் பக்கத்தில் கருமந்துறையில் பழங்குடியினருக்கான அரசு ஐ.டி.ஐ. இருக்கிறது. உங்களுக்குப் பிடித்த பிரிவு கிடைக்காவிட்டால் மோட்டார் மெக்கானிக் பிரிவில் சேர்ந்தாலும் நட்டமில்லை. எஞ்சின் ரூமைக் கழற்றி மாட்டத் தெரிந்த பெயின்டருக்கு இரண்டு கூலி கிடைக்கும்.

படிப்போடு ஒரு பட்டறையில் நில்லுங்கள். சேரும்போது எவ்வளவு தருவீர்கள் என்பதைவிட, எத்தனை மாதத்தில் கன்னைக் கையில் தருவீர்கள் என்று மேஸ்திரியிடம் கேளுங்கள். தேய்க்கும் வேலையிலேயே மூன்று வருடம் நிறுத்தி வைக்கும் இடங்கள் உண்டு, அங்கே இருந்து விலகிவிடுங்கள். கம்பெனி சர்வீஸ் சென்டர்களில் படிநிலை தெளிவாக இருக்கும்: உதவியாள், பட்டி பார்ப்பவர், பெயின்டர், மேலே கலர் கலப்பவர். கலர் கலப்பவருக்குத்தான் மதிப்பு அதிகம். சிவப்பு, பச்சை பிரித்தறிவதில் சிக்கல் உள்ள ஆண்கள் சிலர் அது தெரியாமலே வளர்கிறார்கள். தொழிலில் இறங்கும் முன் அரசு மருத்துவமனையில் கண் பரிசோதித்துக்கொள்ளுங்கள்.

சொந்தமாகத் தொடங்க கம்ப்ரெஸர், கன், மாஸ்க், தீயணைப்பான் இவ்வளவுதான் முதல். முத்ரா சிசுக் கடன் 50,000 ரூபாய் வரை. பெரிதாக யோசித்தால் பி.எம்.இ.ஜி.பி. திட்டத்தில் கிராமப்புறத்துப் பெண்களுக்கும் பட்டியல் இன, பழங்குடி மக்களுக்கும் திட்டச் செலவில் 35 சதவீதம் மானியம் உண்டு. மாவட்டத் தொழில் மையத்தில் கேட்கலாம். பழங்குடிச் சான்றிதழ் இருந்தால் தாட்கோவையும் பாருங்கள். மின் இணைப்பை மின்வாரியத்திடம் சொல்லி உரிய வகைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். அழுத்தம் குறைந்த மின்சாரத்தில் கம்ப்ரெஸர் மோட்டார் எரியும்.

பில்லில் மூன்று வரி தனித்தனியாக இருக்கட்டும்: பொருள், கழற்றி மாட்டும் கூலி, பெயின்ட் கூலி. மொத்தமாக ஒரு தொகை சொன்னால் பேரம் உங்கள் கூலியில்தான் வெட்டும். பொருளுக்கு மட்டும் முன்பணம் வாங்குங்கள். வண்டியை வாங்கும்போதே ஏற்கெனவே உள்ள கசிவு, அறுந்த ஒயர், எலி கடித்த இடம் எல்லாவற்றையும் வண்டிக்காரரிடம் காட்டி எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். விற்பதற்காகக் கசிவைப் பெயின்ட்டால் மறைக்கச் சொன்னால் மறுத்துவிடுங்கள். சின்ன ஊரில் வாங்குபவரும் உங்களுக்குத் தெரிந்தவராகத்தான் இருப்பார்.

கார்த்திகை மழை ஓய்ந்ததும், அந்த வருடம் வேலை பார்த்த வண்டிகளை ஒருமுறை வரச்சொல்லி, கூலி வாங்காமல் பானெட்டைத் திறந்து பாருங்கள். பேட்டரி தட்டு மூலை, பிரேக் ஆயில் டப்பாவின் கீழ்ப்பகுதி, போல்ட் தலைகள் இவைதான் முதலில் உரியும். எங்கே உரிந்திருக்கிறதோ அங்கே கழுவியதில் குறை இருந்ததா, துரு மிச்சம் இருந்ததா, பூச்சு மெல்லியதா என்று பார்த்துப் படத்தோடு நோட்டில் எழுதுங்கள். உரிந்த இடத்தைக் காசு வாங்காமல் சரிசெய்து கொடுங்கள். மழையைத் தாங்கி நின்ற வண்டிகளின் படங்களைத் தனியாகச் சேர்த்து வைத்து, அடுத்த மாசியில் வருகிறவரிடம் அவற்றைக் காட்டிக் கூலியை உயர்த்திக் கேளுங்கள்.